அம்மாவின் கொக்குமூக்குச் செடி

ப்ரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த டவுன்ஹவுஸ் வரிசையில் என்னோடு வளர்ந்தவர்களே, உங்களில் பாதிப் பேருக்கு இப்போது காதோரம் நரைத்துவிட்டது. மீதிப் பேர் டை அடிக்கிறீர்கள். எனக்குத் தெரியும், நானும் அடிக்கிறேன். போன மாதம் நாம் எல்லாரும் கூடியபோது உங்களில் ஒருத்தி கேட்டாள்: "உங்க வீட்டு மெயில்பாக்ஸச் சுத்திப் பிங்க் கலர்ல ஒண்ணு பூத்துக் கிடக்குமே, அது என்ன செடிடி?" ஜெரேனியம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்த பதில் போதாது என்று தோன்றியது. அந்த ஒரு வார்த்தைக்காக எங்கம்மா ஒரு கோடைகாலம் முழுக்கப் பாடுபட்டிருக்கிறார்.

இரட்டைக் கோபுரங்கள் விழுந்ததற்கு அடுத்த வருஷம் நாங்கள் ஊரிலிருந்து அமெரிக்காவுக்கு, இந்த வெஸ்ட் வின்ட்சருக்கு வந்தோம். அத்தாவுக்கு, எங்கள் அப்பாவுக்கு, ஒரு மருந்துக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. எனக்குப் பன்னிரண்டு, அக்காவுக்குப் பதினாலு. அம்மா வரலாற்றில் எம்.ஏ.; உத்தமபாளையத்தில் கல்லூரிப் பெண்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர். இங்கே வந்ததும் விசா அவரை வேலைக்குப் போக விடவில்லை. கார் ஓட்டத் தெரியாது. இங்கிலீஷ் படித்தால் முழுக்கப் புரியும், பேச வாயைத் திறந்தால் முதல் வார்த்தையிலேயே நின்றுவிடுவார். கடையில் கேஷியர் ஏதாவது கேட்டால் அக்காவைப் பார்ப்பார். அக்கா பெருமூச்சு விட்டுக்கொண்டே பதில் சொல்வாள்.

அத்தா எங்களுக்கு ஒரு விதி போட்டிருந்தார். வெளியே சத்தமாகப் பேசக் கூடாது, யாரோடும் வாக்குவாதம் கூடாது. "நம்ம பேரப் பாத்ததும் ஒரு செகண்டு நிக்கிறாங்க. அந்த ஒரு செகண்ட நாம ரெண்டாக்க வேணாம்" என்பார். ஏர்போர்ட்டில் எங்களை மட்டும் தனி வரிசைக்குக் கூப்பிட்டபோது அவர் சிரித்துக்கொண்டே ஷூவைக் கழற்றியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அன்று அது பயம் என்று எனக்குத் தெரியாது. மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

நம் வீடுகளில் கறிவேப்பிலைச் செடி வளர்ந்த அழகு உங்களுக்கு நினைவிருக்கும். அக்டோபர் வந்தால் தொட்டியை உள்ளே தூக்கி, ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்து, லைட் போட்டு, ஐ.சி.யூ. பேஷண்ட் மாதிரி பார்த்துக்கொள்வார்கள். ஆன்ட்டிகள் போனில் ஒருவரையொருவர் "எப்படி இருக்கு?" என்று விசாரித்தால் பிள்ளைகளையா செடியையா என்று தெரியாது. எங்கள் செடி முதல் குளிரிலேயே போய்ச் சேர்ந்தது. அம்மா காய்ந்த குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, "உள்ளயே வெச்சுப் பொத்திப் பொத்திப் பாத்தும் செத்துப் போச்சே" என்றார். அதற்குப் பிறகு கறிவேப்பிலை வாங்கி வைக்கவே இல்லை.

அவருக்கு ஆசை வேறு ஒன்றின் மேல். வழியில் வெள்ளைக்காரர் வீட்டுப் படிகளில் எல்லாம் சிவப்புப் பந்து பந்தாகப் பூத்த தொட்டிகள் இருக்குமே, அதுதான் ஜெரேனியம் என்று அக்கா சொல்லியிருந்தாள். செப்டம்பர் கடைசியில் ஒரு நாள், கடையின் தோட்டப் பகுதியில் விற்காமல் மிஞ்சிய செடிகளை ஓர் இரும்பு அலமாரியில் தள்ளி வைத்திருந்தார்கள். அதில் ஒரு சின்னத் தொட்டியில் ஜெரேனியம் என்று எழுதிய பிளாஸ்டிக் துண்டு குத்தியிருந்தது. செடி என்று சொல்ல முடியாது. நாலு பழுப்பு இலை, அவ்வளவுதான். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

"ஃப்ராஸ்ட் வந்தா செத்துரும், உள்ள எடுத்து வைங்க" என்றார் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. அம்மா ஏற்கெனவே அதை மெயில்பாக்ஸ் ஓரத்தில் மண்ணில் வைத்துவிட்டிருந்தார். தோண்டி எடுக்கப் போனபோது மண் குளிரில் உறைந்து இறுகியிருந்தது. அந்தக் குளிர்காலம் பனி முட்டிவரைக்கும் கிடந்தது. பனி தள்ளும் வண்டி மொத்தத்தையும் அந்த மூலையில்தான் குவித்துவிட்டுப் போனது. செடி இருந்த இடமே தெரியவில்லை. அத்தா சொன்னார், "விடு. சம்மர்ல வேற வாங்கித் தரேன்."

மார்ச் கடைசியில் ஸ்கூல் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்த நான்தான் முதலில் பார்த்தேன். அழுக்குப் பனி உருகி வழிந்த இடத்தில், கருத்த மண்ணில், சிவப்பாக, பென்சில் முனை அளவுக்கு ஏழெட்டு முளை. உள்ளே ஓடிப் போய்ச் சொன்னேன். அம்மா கையில் தோசை மாவோடு வந்து குனிந்து பார்த்தார். பஸ் வந்து ஹார்ன் அடித்த பிறகும் அவர் நிமிரவில்லை.

மே மாதம் அது பூத்தபோது எங்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. சிவப்புப் பந்தைக் காணோம். கணுக்கால் உயரம்கூட இல்லை, மெத்தை மாதிரி உருண்டு படர்ந்து கிடந்தது. இலை ஆழமாக வெட்டுப்பட்டு, சின்னக் குழந்தை கையை விரித்த மாதிரி. பூ ஐந்து இதழ், பிங்க் நிறம், ஒவ்வொரு இதழிலும் ரத்தச் சிவப்பில் மெல்லிய கோடுகள். அத்தா பார்த்துவிட்டு, "லேபிள மாத்திக் குத்திட்டாங்க. இது ஏதோ களை" என்றார். அம்மா ஒரு வாரம் தண்ணீர்கூட ஊற்றவில்லை. செடி அதைச் சட்டை செய்யாமல் பூத்துக்கொண்டே இருந்தது.

பிறகு இதழ்கள் உதிர்ந்தன. ஒரு சனிக்கிழமை காலை வாசலில் அம்மாவின் சத்தம். அத்தாவின் விதியை மீறிய சத்தம்.

"ரெண்டு பேரும் இங்க வாங்கடி! கொக்கு மூக்கு பாருங்க!"

பூ இருந்த இடத்தில் ஒரு குட்டித் தலையும் நீண்டு கூரான அலகுமாகக் காய் நின்றிருந்தது. வயலில் மீனுக்குக் காத்திருக்கும் கொக்கேதான். ஒன்று இரண்டல்ல, செடி முழுக்கக் கொக்குக் கூட்டம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கொக்குமூக்கு.

அடுத்த வாரம் அம்மா ஒரு காம்பைக் கிள்ளி டிஷ்யூ பேப்பரில் சுற்றிக்கொண்டு லைப்ரரிக்கு நடந்தே போனார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கிருந்த லைப்ரரியன் அம்மாவிடம் கனமான தோட்டப் புத்தகங்களை எடுத்துக் கொடுத்தார். பழைய பேப்பர் வாசனையும் கார்ப்பெட் வாசனையும் கலந்த அந்த மூலையில் உட்கார்ந்து அம்மா பக்கம் பக்கமாகப் படித்தார். திடீரென்று என் தொடையில் தட்டினார்.

"இங்க பாரு. இங்கிலீஷ்லயும் இதுக்குக் கொக்கு அலகுன்னுதான் பேரு. நான் வெச்ச பேரத்தான் அவங்களும் வெச்சிருக்காங்க!"

வீட்டுக்கு நடந்து வரும்போது முழுக் கதையையும் சொன்னார். வெகு காலத்துக்கு முன்னால் இந்தச் செடியையும் அந்தச் சிவப்புப் பந்துச் செடியையும் ஒரே குடும்பம் என்று நினைத்து ஒரே பெயர் வைத்தார்களாம். பிறகு வேறு வேறு என்று தெரிந்து, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த அந்தச் சிவப்புக்குப் பெலார்கோனியம் என்று புதுப் பெயர் கொடுத்தார்களாம். ஆனால் கடைக்காரர்கள் பழைய பெயரை விடவே இல்லை. "ஆக, ஜெரேனியம்னா இவதான். பேரு இவளோடது. ஊரு பூரா அவள அந்தப் பேரு சொல்லிக் கூப்பிடுது" என்றார். கல்லூரியில் பாடம் எடுத்த குரல் அது. அமெரிக்கா வந்த பிறகு அந்தக் குரலை நான் அன்றுதான் கேட்டேன்.

அடுத்த வருஷம் செடி பெருத்தது. அம்மா அதைக் கிழங்கு பிரிப்பது போல் மண்வெட்டியால் பிளந்து மெயில்பாக்ஸைச் சுற்றி நட்டார். அந்த வசந்தத்தில் மான்கள் நம் வரிசையில் செய்த அட்டகாசம் உங்களுக்கு மறந்திருக்காது. எதிர் வீட்டுக்காரர் பார்த்துப் பார்த்து நட்ட டூலிப் அத்தனையும் ஒரே ராத்திரியில் வெறும் காம்பாகிவிட்டது. எங்கள் வாசலில் மான் முகர்ந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது. மண்ணில் குளம்புத் தடம் இருந்தது, ஓர் இலையில்கூடக் கடி இல்லை. வாக்கிங் போகிறவர்கள் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள்.

லைப்ரரியன்தான் சொன்னார், ஆகஸ்டில் நடக்கும் கவுண்டி ஃபேரில், அதாவது மாவட்டப் பொருட்காட்சியில், செடிப் போட்டி உண்டு, யார் வேண்டுமானாலும் கொண்டு வரலாம், தொட்டியில் வளர்த்த ஜெரேனியத்துக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது என்று. அத்தாவுக்கு அது பிடிக்கவில்லை. "எதுக்கு இப்ப? பேர எழுதணும், அட்ரஸ் எழுதணும். நாலு பேரு பாப்பான்."

"பாக்கத்தானேங்க கொண்டு போறது?" என்றார் அம்மா.

ஒரு மண் தொட்டியில் நட்ட துண்டு ஜூனில் குடை விரித்த மாதிரி பூத்தது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அப்போதுதான் அம்மா கோழி வெட்டும் நீலக் கைப்பிடிக் கத்தரிக்கோலை எடுத்து வந்து, பூவும் இலையுமாக மொத்தத்தையும் ஒட்ட வெட்டிவிட்டார். மொட்டைத் தலை மாதிரி தொட்டி நின்றது. அத்தா ஆபீஸிலிருந்து வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"என்ன பண்ணி வெச்சிருக்க? போட்டிக்கு இத எடுத்துட்டா போகப் போற?"

"இப்ப வெட்டினாத்தான் ஆகஸ்ட்டுல மறுபடி பூக்கும். படிச்சேன்."

"படிச்சது எல்லாம் நடக்குமா?"

அம்மா காலியான கேலன் பால் கேனின் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டுத் தண்ணீர் தெளித்தார். ஜூலை வெயிலில் அந்தக் கேனைத் தூக்குவது எங்கள் வேலை. தண்ணீர் பட்டதும் சூடான மண்ணிலிருந்து ஒரு வாசனை எழும். ஜூலை பாதியில் பச்சைத் துளிர் வந்தது. மாதக் கடைசியில் மொட்டு. ஃபேருக்குக் கிளம்பிய காலையில் தொட்டி முழுக்க இளம் இலை, நடுவில் பிங்க் பூக்கள், ஓரமாக ஒன்றிரண்டு கொக்குகள். அத்தா மினிவேனின் பின் சீட்டில் தொட்டியை வைத்து, அதற்கு சீட் பெல்ட் மாட்டினார்.

ஃபேர் என்றால் வைக்கோல், ஆட்டுப் புழுக்கை, எண்ணெயில் பொரிந்து சர்க்கரை தூவிய மாவு, எல்லாம் கலந்த வாசனை. பெரிய கூடாரத்தில் நீள மேஜைகள். பதிவு மேஜையில் இருந்த வயதான பெண்மணி எங்கள் தொட்டியைப் பார்த்து, "என்ன அழகு!" என்றார். கார்டில் அம்மாவின் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார். ஜெரேனியம் வரிசையில் எல்லாம் சிவப்புப் பந்துகள், ஒன்றிரண்டு வெள்ளை. நடுவே எங்கள் குட்டிச் செடி. நடுவர்கள் பார்வையிடும்வரை கூடாரத்தை மூடிவிட்டார்கள். நாங்கள் பசுக்களையும் பன்றிகளையும் பார்த்துவிட்டு மத்தியானம் திரும்பி வந்தோம்.

எங்கள் கார்டில் ரிப்பன் இல்லை. நீல இங்கில் எழுதியிருந்தது: "இது ஜெரேனியம் அல்ல. தவறான பிரிவு."

அம்மா அதை வாசித்தார். மறுபடியும் வாசித்தார். முகம் சிவந்துவிட்டது.

"சரி, விடு. போலாம்" என்றார் அத்தா மெதுவாக.

"தோத்தா பரவால்ல. இது ஜெரேனியம் இல்லன்னு எப்படிச் சொல்லலாம்?"

"அம்மா, ப்ளீஸ்" என்றாள் அக்கா. "டோன்ட் மேக் எ சீன்." அவள் பள்ளித் தோழிகள் இரண்டு பேர் கூடாரத்தின் மறுபக்கம் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

அம்மா முக்காட்டை இழுத்துச் சரிசெய்தார். தொட்டியை இரண்டு கையாலும் தூக்கினார். வைக்கோல் தொப்பி போட்ட நடுவர் கடைசி மேஜை அருகே யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். அம்மா நேராக அவரிடம் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"சார். எக்ஸ்கியூஸ் மீ. திஸ் இஸ் ஜெரேனியம்."

நடுவர் திரும்பினார். கெட்ட மனிதர் அல்ல. சிரித்த முகம். அம்மாவைப் பார்த்தார், முக்காட்டைப் பார்த்தார், பிறகு குனிந்து என்னிடம் பேசினார். "உங்க அம்மாகிட்ட சொல்லும்மா, செடி ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இது காட்டுப் பூ. ஜெரேனியம்னா அதோ, அது."

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா வாயைத் திறந்தார். பழையபடி முதல் வார்த்தையிலேயே நின்றது. பக்கத்து மேஜைகளில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நடுவர் இன்னும் கொஞ்சம் குனிந்து, எனக்குப் புரியவில்லையோ என்று மெதுவாக மறுபடி சொல்ல ஆரம்பித்தார்.

அப்போது என் தோளுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. எப்போது வந்து நின்றாள் என்றே தெரியாது.

"அவங்ககிட்டயே பேசுங்க" என்றாள் இங்கிலீஷில். "வளர்த்தது அவங்க. நீங்க சொல்றது அவங்களுக்குப் புரியும். அவங்க பேசும்போது கொஞ்சம் வெயிட் பண்ணுங்க, போதும்."

நடுவர் நிமிர்ந்தார். தொப்பியைக் கழற்றினார். "மன்னிக்கணும் மேடம்" என்றார் அம்மாவைப் பார்த்து. பிறகு உண்மையிலேயே காத்திருந்தார்.

அம்மா தொட்டியை மேஜையில் வைத்தார். ஒரு காயை விரலால் தொட்டுக் காட்டினார். "சீ. ஹெட். பீக். கிரேன்." பிறகு ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார். கிரேக்க மொழியில் கொக்குக்கு என்ன பெயர், அதிலிருந்து இந்தப் பெயர் எப்படி வந்தது, ஒரு காலத்தில் இரண்டையும் ஒன்றாக எப்படி எண்ணினார்கள், பிறகு எப்படிப் பிரித்தார்கள் என்று சொன்னார். நடுவில் ஒரு இடத்தில் வார்த்தை சிக்கியது. நாங்கள் யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அம்மாவே கண்டுபிடித்தார். பெலார்கோனியம் என்று அந்தச் சிவப்பு வரிசையைக் கைகாட்டிச் சொன்னபோது குரல் உயர்ந்தே இருந்தது. கடைசி வரிசைப் பெண்ணுக்கும் கேட்க வேண்டும் என்று பேசுகிற குரல். கூடாரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். அத்தா கொஞ்சம் தள்ளிக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நடுவர் கழுத்தைச் சொறிந்துகொண்டார். "மேடம், நீங்க சொல்றது சரி. எனக்கும் அது தெரிஞ்சிருக்கணும். ஆனா இந்தப் பிரிவுல வருஷக்கணக்கா அந்தத் தொட்டிச் செடியத்தான் வெக்கிறாங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சு என்னால மார்க் போட முடியாது."

"ரிப்பன் நோ நீட், சார்" என்றார் அம்மா. "ராங் ரைட்டிங். கட் பண்ணுங்க."

பண்ணுங்க என்பது அவருக்கு எப்படிப் புரிந்ததோ. பேனாவை எடுத்து "இது ஜெரேனியம் அல்ல" என்ற வரியை நீளமாக ஒரு கோடு போட்டு அடித்தார். தவறான பிரிவு என்பது அப்படியே இருந்தது. அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

பதிவு மேஜைப் பெண்மணி ஓடி வந்து, தன் வீட்டில் மான் தொல்லை தாங்கவில்லை, இதில் ஒரு துண்டு கிடைக்குமா என்று கேட்டார். அம்மா அங்கேயே தொட்டியைக் கவிழ்த்து, வேரை இரண்டாகப் பிய்த்து, பாதியை எலுமிச்சை ஜூஸ் குடித்த காலிக் கப்பில் வைத்துக் கொடுத்தார்.

திரும்பும் வழியெல்லாம் அத்தா திட்டப் போகிறார் என்று நான் பயந்துகொண்டே வந்தேன். ஃப்ரீவேயில் ஏறிய பிறகு அவர் சொன்னார், "நீ கிளாஸ் எடுத்து நான் இதுவரைக்கும் பாத்ததே இல்லல்ல." அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தாவின் விதியை நாங்கள் மெல்ல மெல்ல மறந்தோம், அவரும் நினைவுபடுத்தவில்லை. அவர் பயந்ததில் தப்பு ஒன்றும் இல்லை என்று இப்போது, இரண்டு பிள்ளைகளைப் பெற்ற பிறகு, எனக்குத் தெரிகிறது. ஆனால் அந்தப் பயத்துக்கு வீட்டில் அதிக வாடகை கொடுத்தது அம்மாதான். அது அத்தாவுக்கு அன்று அந்தக் கூடாரத்தில்தான் புரிந்திருக்க வேண்டும்.

அடுத்த வருஷம் லைப்ரரியில் ஃபேரின் புது அறிவிப்பு வந்திருந்தது. தோட்டச் செடிப் பிரிவுகளில் ஒன்று கூடியிருந்தது: குளிர் தாங்கும் ஜெரேனியம். நம்மில் யாருடைய அம்மாவும் அப்பாவும் அதற்கு முன் அந்த கவுண்டியில் ஒரு வார்த்தையை மாற்றியதில்லை. என் அம்மா மாற்றினார். இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை.

அந்தப் பிரிவுக்கு ஐந்தாறு தொட்டிகள் வந்திருந்தன. அம்மாவுக்கு இரண்டாவது பரிசு. முதல் பரிசு பதிவு மேஜைப் பெண்மணிக்கு, ஜூஸ் கப்பில் வாங்கிப் போன துண்டுக்கு. அவர் அம்மாவைக் கட்டிக்கொண்டு, "இது உங்க செடி, உங்க செடி" என்று எல்லாரிடமும் சொன்னார். அம்மா எங்கள் பக்கம் திரும்பி, "அப்ப ரெண்டு பரிசும் நமக்குத்தானேடி" என்றார்.

கொஞ்ச நேரத்தில் வைக்கோல் தொப்பி நடுவர் வந்தார். எங்களுக்குத் தலையசைத்தார், ஆனால் நிற்கவில்லை. நேராக அம்மாவிடம் போய், ஜூனில் செடியை எவ்வளவு ஒட்ட வெட்ட வேண்டும் என்று கேட்டார். அம்மா தரையிலிருந்து இரண்டு விரல் உயரம் காட்டினார். பிறகு எப்போது வெட்டணும், எவ்வளவு தண்ணி ஊத்தணும், எரு ஏன் போடவே கூடாது என்று ஆரம்பித்தார். இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். வார்த்தை சிக்கினால் எடுத்துக் கொடுக்க நானும் அக்காவும் வழக்கம்போல் இரண்டு பக்கமும் காவலுக்கு நின்றோம். யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்களுக்குக் கால் வலித்தது. அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வா. அவங்களுக்கு நாம வேண்டாம்" என்றாள், தமிழிலேயே.

வெளியே போய் எலுமிச்சை ஜூஸ் வாங்கிக்கொண்டு ஒரு வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்தோம். கூடாரத்துக்குள் அம்மாவின் கை மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் குடித்து முடித்து, ஐஸைக் கடித்துத் தின்று, காலிக் கப்பைத் தூக்கிப் போட்ட பிறகும் அவர் பேசிக்கொண்டேதான் இருந்தார்.